மேல், நடு, அடி

காகிதத்துல தப்பு கண்டுபிடிக்கிற புத்தியை எனக்கு யாரு குடுத்தாங்களோ தெரியல. அது மட்டும் இல்லாம இருந்திருந்தா நான் பாட்டுக்கு டைப் அடிச்சுட்டு, ஜெராக்ஸ் போட்டுட்டு, வீட்டுக்குப் போய் சோத்தைத் தின்னுட்டுக் கெடந்திருப்பேன்.

என் கடை கஸ்டம்ஸ் ஆபீசுக்கு நேர் எதிர்ல. இருபத்திரெண்டு வருஷமா அங்கதான். கப்பல்ல வர்ற ஒவ்வொரு சரக்குக்கும் வரிப் புத்தகத்துல ஒரு எட்டு இலக்க நம்பர் உண்டு. வியாபாரி ஒரு நம்பரைச் சொல்வாரு, ஆபீசுல வேற நம்பரைச் சொல்வாங்க. அப்புறம் அந்தச் சண்டையோட அத்தனை கடுதாசியும் என் கை வழியாத்தான் போகும். ஒருத்தர் கொண்டு வந்த மெத்தை வெறும் மெத்தையா, ஆஸ்பத்திரிச் சாமானான்னு நாலு வருஷம் வழக்கு நடந்துச்சு. தீர்ப்பு வந்தப்ப பாதி மெத்தையை எலி தின்னு முடிச்சிருந்தது. இதையெல்லாம் சிரிச்சுக்கிட்டே அடிச்சவ நான். நம்ம வீட்டுக்குள்ள வராத வரைக்கும் எல்லாம் சிரிப்புதானே.

நான் குடியிருக்கிறது கீழ் வீடு. மாடியில ஏஜென்ட் அண்ணன். துறைமுகத்துல சரக்கை வெளிய எடுத்துக் குடுக்கிற கிளியரிங் ஏஜென்ட். சரக்குக்குச் சொந்தக்காரன் எங்கேயோ ஏசி ரூமுல உக்காந்திருப்பான், இது இன்ன சரக்கு, இன்ன நம்பர்னு பில்லுல கையெழுத்துப் போடுறது இவருதான். அவரு சம்சாரத்தை நான் அண்ணின்னு கூப்பிடுவேன். வீட்டுலயே மிஷின் போட்டு பள்ளிக்கூட யூனிஃபார்ம் தைக்கிறவங்க. அண்ணிக்கு ஒரே தம்பி. முப்பத்தஞ்சு வயசு, ஆறடிக்கு மேல உசரம், ஒடம்புல சதையே கிடையாது. மாமாகிட்டதான் வேலை. எண்ணெய் டேங்க் மேல ஏறி சாம்பிள் எடுக்கிறது அவன் பொறுப்பு. அதனால துறைமுக யார்டுல எல்லாருக்கும் அவன் ஏணி. கல்யாணம் பண்ணிக்காம அக்கா வீட்டுலயே ஒட்டிக்கிட்டான். கேட்டா, "எனக்கு எதுக்கு டைப்பக்கா பொண்டாட்டி, திட்டறதுக்கு அக்கா இருக்கா, மிரட்டறதுக்கு மாமா இருக்காரு"ம்பான்.

ஒரு தடவை கப்பல்ல ஆறு டேங்க் எண்ணெய் வந்துச்சு. ஒவ்வொண்ணும் ஒரு லாரி நீளம். அண்ணன் போட்ட பில்லுல பேஸ் ஆயில்னு இருந்தது. இஞ்சின் ஆயில், கிரீஸ் எல்லாம் செய்யறதுக்கு மூலமான எண்ணெய், அதை யார் வேணும்னாலும் கொண்டு வரலாம். ஆபீசர் முன்னால சாம்பிள் எடுத்து, பாட்டில்ல அடைச்சு, அரக்கு வெச்சு லேபுக்கு அனுப்பினாங்க. பத்து நாள் கழிச்சு ரிப்போர்ட் வந்துச்சு. எந்தச் சூட்டுல நெருப்புப் பத்துதுன்னு பாத்தாங்களாம், இன்னும் ஏழு சோதனை பண்ணினாங்களாம், பாத்ததுல இது டீசல்னு எழுதிட்டாங்க.

வரிப் புத்தகத்துல பாத்தா ரெண்டு நம்பருக்கும் நடுவுல நாலஞ்சு வரிதான் தூரம். ஆனா டீசலை அரசாங்கம் அனுமதிச்ச கம்பெனி தவிர வேற யாரும் கொண்டு வரக்கூடாது. கொண்டு வந்தா கடத்தல். கையெழுத்துப் போட்டவன் உள்ள போகணும்.

போன வருஷம் இப்படித்தான் இன்னொரு ஏஜென்ட் போனாரு. விசாரணைக்குன்னு கூப்பிட்டாங்க, வாசல்ல செருப்பை விட்டுட்டுப் போனவரு அஞ்சு மாசம் கழிச்சு வந்தாரு. வந்தப்ப தலை முழுக்க வெள்ளை. என் கடைக்கு வந்து பேனா வாங்கினாரு, மூடியை நான்தான் கழட்டிக் குடுத்தேன். அதை அண்ணிகிட்ட நான்தான் சொல்லியிருந்தேன், வாயை வெச்சுக்கிட்டுச் சும்மா இருக்காம.

இப்ப அண்ணனையும் விசாரணைக்குக் கூப்பிட ஆரம்பிச்சு மூணு நாள் ஆச்சு. காலையில பத்து மணிக்குப் போனா சாயங்காலம் ஆறு மணிக்கு வருவாரு. போனை முதல் நாளே வாங்கி வெச்சுக்கிட்டாங்க. அண்ணி ஒரு பையில துண்டு, பிரஷர் மாத்திரை, ரெண்டு லுங்கி எல்லாம் எடுத்து வெச்சிருந்தாங்க. எதுக்குன்னு யாரும் கேக்கல. கீழ தெருவுல பைக் சத்தம் நின்னாப் போதும், மேல தையல் மிஷின் சத்தமும் நின்னுடும். பைக் கிளம்பினப்புறம்தான் மறுபடி மிஷின் ஓடும்.

அண்ணன் மட்டும் தைரியமா இருந்தாரு. "இருபத்தொரு சோதனை பண்ணணும், எட்டுதான் பண்ணியிருக்காங்க. நம்ம வக்கீல் இதை வெச்சே ரெண்டு வருஷம் இழுப்பாரு. பயப்படாத" அப்படின்னு அண்ணிகிட்ட சொல்லுவாரு. சொல்லிட்டு, தட்டுல சோத்தை அளைஞ்சுக்கிட்டே உக்காந்திருப்பாரு.

மூணாவது நாள் மதியம் வக்கீலுக்காக அந்த ஃபைல் மொத்தத்தையும் ஜெராக்ஸ் எடுக்க ஏணி கொண்டு வந்தான். எனக்குக் கண்ணு சும்மா இருக்குமா. மிஷின்ல காகிதம் போகப் போகப் படிச்சுக்கிட்டே இருந்தேன். சாம்பிள் எடுத்தப்ப எழுதின மெமோ வந்துச்சு.

"ஏணி, இங்க வா. இதுல கையெழுத்து உன்னுதுதானே?"

"ஆமா. கீழ மாமா. அதுக்குக் கீழ ஆபீசர். ஏன்?"

"ஆறு டேங்க். ஒவ்வொண்ணுலயும் மேல, நடு, அடின்னு மூணு இடத்துல எடுத்ததா எழுதியிருக்கு. ஆரம்பிச்சது நாலு பத்து. முடிச்சது நாலு முப்பத்தஞ்சு. இருபத்தஞ்சு நிமிஷத்துல ஆறு டேங்க் மேல ஏறி இறங்க நீ என்ன குரங்கா?"

சிரிப்பான்னு பாத்தேன். அவன் முகம் செத்துப் போச்சு.

"டைப்பக்கா, அந்த ஷட்டரைக் கொஞ்சம் இறக்குங்க."

பாதி ஷட்டரை இறக்கினேன். அவன் காகிதக் கட்டு மேல உக்காந்துக்கிட்டான். காலை மடக்க முடியல, நீட்டியே வெச்சிருந்தான்.

"அன்னிக்கு நல்ல மழை. அதுக்கு மொத வாரம்தான் லாரியில இருந்து குதிச்சு முட்டி வீங்கிப் போயிருந்துச்சு. ஏணிப்படி எல்லாம் எண்ணெயும் தண்ணியுமா இருக்கு. மாமாதான் பாவம் பாத்து, 'ஏறாத மாப்ளே, வழுக்கி விழுந்து தொலைக்கப் போற, அடி வால்வுலயே பிடிச்சுடு'ன்னாரு. ஆபீசர் குடைக்குள்ள நின்னுக்கிட்டு வாட்சையே பாத்துக்கிட்டு இருந்தாரு. அவரும் சரின்னுட்டாரு."

"ஆறுலயுமா?"

"ஆறுலயும்."

"முதல் பக்கெட்டை வெளிய விட்டுட்டுத்தானே பிடிச்சே?"

அவன் முட்டியைத் தடவிக்கிட்டான்.

"டேய், கேக்கறேன்ல."

"விடல. அப்படியே கேனைக் காட்டிப் பிடிச்சேன். ஒரே கேன்."

இதைக் கொஞ்சம் விளக்கிச் சொல்லணும். டேங்கோட அடியில ஒரு குழாய் இருக்கும். போன தடவை அந்த டேங்க்ல என்ன வந்துச்சோ, அதோட மிச்சம் அந்தக் குழாய்ல நிக்கும். அதனாலதான் மூடியைத் திறந்து மேல இருந்து குப்பியை இறக்கி எடுக்கணும்னு சட்டமே இருக்கு. வால்வுல பிடிச்சே ஆகணும்னா முதல் பக்கெட்டைக் கீழ கொட்டணும். இல்லேன்னா பாட்டிலுக்குள்ள போறது போன மாசத்துச் சரக்கு. யார்டுல வேலை செய்யற எவனைக் கேட்டாலும் சொல்லுவான்.

"ஏன்டா, பதினஞ்சு வருஷமா இதே வேலை. வாடை கூடவா தெரியல?"

"தெரிஞ்சுது. டீசல் வாடைதான் அடிச்சுது. குழாய்ல நிக்கிற பழைய மிச்சம்னு நெனச்சேன். இவ்வளவு பெருசாகும்னு யாரு கண்டா." அப்புறம் அந்த ஆறடி மனுஷன் ரெண்டு கையாலயும் மூஞ்சியை மூடிக்கிட்டான். "மூணு நாளா சோறு இறங்கல டைப்பக்கா. மாமா என்னைக் காட்டிக் குடுக்காம அங்க போய் உக்காந்திருக்காரு. அவரு ஒரு வார்த்தை சொன்னாப் போதும், நான் மாட்டுவேன், அவரு தப்பிச்சுடுவாரு. சொல்ல மாட்டேங்கறாரு."

எனக்கு உடம்பே சூடாயிடுச்சு. பயம்லாம் எங்க போச்சுன்னே தெரியல. ரிப்போர்ட்டே செல்லாது, சாம்பிளே தப்பு, மறுபடி ஒழுங்கா எடுத்தா பேஸ் ஆயில்னு வந்துடும், அண்ணன் வீட்டுக்கு வந்துடுவாரு. இதை மூணு நாளா ஒருத்தரும் பாக்கல, நான் பாத்துட்டேன். அந்தப் பெருமை இருக்கே, அது ஒரு வியாதி.

அதுக்கு மேல ஒரு அவசரமும் இருந்தது. நோட்டீஸ் போர்டுல போட்டிருந்தாங்க, நாளைக்கு மத்தியானம் ஆறு டேங்கையும் காலி பண்ணி அரசாங்க டெப்போவுக்குக் கொண்டு போறதா. காலி பண்ணிட்டா மறு சாம்பிளுக்கு எங்க போறது? அண்ணனைக் கேக்க வழியில்ல, உள்ள இருக்காரு, ஆறு மணிக்கு அவரு வர்றதுக்குள்ள ஆபீசுல மனு வாங்கற நேரம் முடிஞ்சுடும். வக்கீலுக்கு நாலு தடவை போன் பண்ணினோம், எடுக்கல.

ரெண்டு பேரும் மாடிக்குப் போய் அண்ணிகிட்ட சொன்னோம். அண்ணி மிஷின்ல ஒரு காலரை மாட்டியிருந்தாங்க, அதை எடுக்காமலே கேட்டாங்க.

"இதைச் சொன்னா இவனை என்ன பண்ணுவாங்க?"

"பொய்யா மெமோவுல கையெழுத்துப் போட்டதுக்குக் கேஸ் போடலாம். யார்டு பாஸைப் புடுங்கிடுவாங்க" அப்படின்னேன்.

"ஜெயிலா?"

"அப்படி ஒண்ணும்..."

"டைப் அடிக்கிறவளே, எனக்கு மழுப்பாதே. ஜெயிலா இல்லையா?"

"இருக்கலாம் அண்ணி."

அந்தக் காலரை மிஷின்ல இருந்து எடுத்து மடியில வெச்சுக்கிட்டாங்க. "ஒருத்தனை எடுத்துட்டு இன்னொருத்தனைக் குடுங்கறீங்க. ஒருத்தன் என் கழுத்துல தாலி கட்டினவன். ஒருத்தன் என் இடுப்புல வளந்தவன். எங்க அம்மா போனப்ப இவனுக்கு நாலு வயசு."

"அக்கா, நான் ஒண்டிக்கட்டை. எனக்கு என்ன. உள்ள போனா அங்கயும் சோறு போடுவாங்க" அப்படின்னான் ஏணி.

"வாயை மூடு."

"நெஜமாத்தான் சொல்றேன். உன் சோத்தை விட நல்லாத்தான் இருக்கும்."

அண்ணி சிரிச்சுட்டாங்க. சிரிச்ச வேகத்துலயே அழுதாங்க. முந்தானையால மூஞ்சியைத் துடைச்சுக்கிட்டு, "எழுதுங்க"ன்னாங்க.

கடையில உக்காந்து அவன் சொல்லச் சொல்ல நான் அடிச்சேன். மழை, முட்டி, அடி வால்வு, ஒரே கேன், முதல் பக்கெட்டைக் கொட்டாதது, எல்லாம். "மாமா சொல்லித்தான் கீழ பிடிச்சேன்னு போட்டுறாதீங்க"ன்னான். "நானா பண்ணினதுன்னு போடுங்க. அவரு அந்தப் பக்கம் திரும்பி நின்னாரு, கவனிக்கலன்னு போடுங்க." அப்படியே போட்டேன். பொய்தான். நல்லதுக்குச் சொல்ற பொய்யின்னு நெனச்சேன்.

ஆபீசுல புதுசா ஒரு பெரிய மேடம் வந்திருந்தாங்க. யாரையும் பக்கத்துல சேக்க மாட்டாங்கன்னு பேரு. மனுவை ரெண்டு தடவை படிச்சாங்க. கண்ணாடியைக் கழட்டி வெச்சுட்டு ஏணியை மேலயும் கீழயும் பாத்தாங்க.

"தெரிஞ்சுதான் எழுதிக் குடுக்கறியா? உன் மேல நடவடிக்கை வரும்."

"தெரியும் மேடம்."

"எதுக்கு இப்ப வந்து சொல்ற?"

"எங்க மாமா நல்லவரு மேடம். நான் பண்ணின வேலைக்கு அவரு உக்காந்திருக்காரு."

அந்தம்மா கண்ணாடியை மறுபடி மாட்டிக்கிட்டாங்க. அப்புறம் மனுவோட ஓரத்துல நாலு வரி எழுதினாங்க. நாளைக்குக் காலையில பதினோரு மணிக்கு, சாட்சிங்க முன்னால, மூடியைத் திறந்து மூணு இடத்துலயும் மறு சாம்பிள். "எடுத்துப் பழக்கம் உனக்குத்தானே இருக்கு, நீயே ஏறு. ஆனா பக்கத்துல என் ஆளு ஒருத்தரும் ஏறுவாரு"ன்னாங்க. வெளிய வந்து ஏணி என் கையைப் பிடிச்சுக் குலுக்கினான். டீயும் பிஸ்கட்டும் வாங்கிக் குடுத்தான். மூணு நாளைக்கப்புறம் அவன் வாயில ஏதோ போனதே அப்பதான்.

ஆறு மணிக்கு மேல அண்ணன் வந்தாரு. வெளிய தூறிக்கிட்டிருந்தது. ஏணி முட்டிக்கு மருந்து போட்டுக் கட்டுறதுக்காக டாக்டர்கிட்ட போயிருந்தான், நாளைக்கு ஏறணுமே. நானும் மாடியிலதான் இருந்தேன். நல்ல சேதி சொல்லப்போறோம், பக்கத்துல இருக்க வேண்டாமான்னுதான்.

அண்ணி சோறு போட்டு, முட்டை பொரிச்சு வெச்சாங்க. அவரு ரெண்டு வாய் சாப்பிடட்டும்னு காத்திருந்து, மெதுவா சொன்னாங்க. தம்பி எல்லாத்தையும் ஒத்துக்கிட்டான், மனு குடுத்தாச்சு, மேடம் ஆர்டர் போட்டாச்சு, நாளைக்குப் பதினோரு மணி.

அண்ணன் கை தட்டுலயே நின்னுடுச்சு.

"யாரைக் கேட்டுக் குடுத்தீங்க?"

"உங்களை எங்க போய்க் கேக்கறது? நாளைக்கு டேங்கைக் காலி பண்றாங்களாமே."

"காலி பண்ணட்டும்னுதானே இருந்தேன்." தட்டைத் தள்ளி வெச்சாரு. "மனு காப்பி இருக்கா?"

குடுத்தேன். கையைக் கூடக் கழுவாம வாங்கிப் படிச்சாரு. முட்டை எண்ணெய் காகிதத்துல ஒட்டுச்சு. கடைசி வரைக்கும் படிச்சுட்டு என்னைப் பாத்தாரு. "நல்லா அடிச்சிருக்கே தாயே. ஒரு ஓட்டை இல்ல."

"ஏங்க, என்ன? தம்பியை நெனச்சுப் பயப்படறீங்களா?" அப்படின்னாங்க அண்ணி.

அவரு எழுந்து போய்க் கதவைச் சாத்திட்டு வந்தாரு. உக்காரல. செவுத்துல சாஞ்சுக்கிட்டாரு.

"கப்பல் ஏத்தின ஊருல ஒரு டெஸ்ட் பேப்பர் குடுப்பாங்க. அது ரெண்டு வந்துச்சு. மொத நாள் ஒண்ணு. அதுல நெருப்புப் பத்துற சூடு எழுதியிருந்ததைப் பாத்ததுமே தெரிஞ்சு போச்சு. சரக்குக்காரனுக்குப் போன் பண்ணிக் கேட்டேன். தப்பா வந்துடுச்சு, திருத்தி அனுப்பறோம்னாங்க. மறுநாள் வேற பேப்பர் வந்துச்சு. அதை வெச்சு பில் போட்டேன்."

"எனக்குப் புரியல."

"டீசல்தான்மா அது. குழாய்ல மட்டும் இல்ல. டேங்க் முழுக்க."

அண்ணி தட்டை எடுக்கக் குனிஞ்சவங்க அப்படியே தரையில உக்காந்துட்டாங்க.

"தெரிஞ்சே கையெழுத்துப் போட்டீங்களா?"

"ஒரு வருஷமா நமக்கு எண்ணெய்ச் சரக்கே வரல. எல்லாம் பெரிய ஆளுங்ககிட்ட போயிடுச்சு. இந்தச் சரக்குக்காரன் மாசாமாசம் முப்பது டேங்க் தர்றேன்னான். ஒரு தடவைதானே, பேப்பர் ஒழுங்கா இருக்கே, நான் பேப்பரைப் பாத்துத்தானே போட்டேன்னு சொல்லிக்கலாம்னு... அப்படியே நெனச்சு நெனச்சு எனக்கே நிஜம் மாதிரி ஆயிடுச்சு."

"அப்ப, என் தம்பியை ஏறாதேன்னு சொன்னது?"

அவரு எண்ணெய்க் கையைத் துண்டுல துடைச்சாரு.

"கேக்கறேன். மழையில நனைஞ்சுக்கிட்டு நின்னவனை, முட்டி வலிக்குதேன்னுதானே ஏறாதேன்னு சொன்னீங்க?"

"முட்டியும் வலிச்சுதுல்ல அவனுக்கு" அப்படின்னாரு.

அண்ணி அவரையே பாத்தாங்க. இத்தனை வருஷத்துல அண்ணி அப்படி யாரையும் பாத்து நான் பாத்ததில்ல. எனக்குப் புரிஞ்சுது. லேப்ல மாட்டினா, சாம்பிளே தப்புன்னு சொல்லிக்க ஒரு வழி வேணும். அதை அன்னிக்கே மழையில நின்னுக்கிட்டே செஞ்சு வெச்சுட்டாரு. டேங்க் காலியாகிற வரைக்கும் வாயைத் திறக்கக் கூடாது. ரெண்டு வருஷம் கழிச்சுக் கோர்ட்டுல அந்த மெமோவை எடுத்துக் காட்டினா, மறுபடி எடுத்துப் பாக்கச் சரக்கு இருக்காது. சந்தேகம் மட்டும்தான் மிஞ்சும். அந்தச் சந்தேகம்தான் அவரோட உசிரு. அதை அழிக்கிற மனுவைத்தான் நான் ரெண்டு பக்கத்துல, ஒரு பிழை இல்லாம அடிச்சு, முத்திரை குத்தி உள்ள குடுத்துட்டு வந்திருக்கேன்.

"மனுவைத் திருப்பி வாங்க முடியாதா?" அண்ணி என்னைத்தான் கேட்டாங்க.

"வாங்கினா ஏன்னு கேப்பாங்க அண்ணி. அந்தம்மா விட மாட்டாங்க." சொல்லும்போதே எனக்கு அழுகை வந்துடுச்சு. "அறிவு கெட்ட முண்டம் நான். என்னை மன்னிச்சிடுங்க"ன்னேன். யாரும் என்னைக் கவனிக்கல.

"தம்பிகிட்ட சொல்லிடறேன். நாளைக்கு முட்டி வலிக்குதுன்னு படுத்துக்கட்டும்."

"வேற ஆளு ஏறுவான்" அப்படின்னாரு அண்ணன். "அவன்கிட்ட சொல்லாதே. தெரிஞ்சுட்டு ஏறினா மேல நின்னு ஏதாவது கோணங்கித்தனம் பண்ணுவான், எனக்காக. அப்புறம் அவனையும் கூட்டாளின்னு எழுதிடுவாங்க. தெரியாம ஏறினா அவன் வரைக்கும் தப்பிப்பான். அவனாவது வெளிய இருக்கட்டும்."

அந்த ஒரு வார்த்தைக்காக அவரை முழுசா வெறுக்கவும் முடியல எனக்கு. அது நிஜமான கவலையா, இல்ல இதுலயும் ஒரு கணக்கான்னு தெரிஞ்சுக்கவும் முடியல. பயத்துல இருக்கிற மனுஷனுக்கே அது தெரியுமோ என்னவோ.

கீழ கேட் சத்தம் கேட்டுது. ஏணி காலை இழுத்து இழுத்து மாடிப்படி ஏறி வர்றான். வந்தவன் மாமாவைப் பாத்ததும் வாசல்லயே நின்னான். ரெண்டு கையையும் கட்டிக்கிட்டான்.

"திட்டறதுன்னா திட்டிடுங்க மாமா."

அண்ணன் அவன் தோள்ல கை வெச்சாரு. "சாப்பிட்டியா?"ன்னாரு. அவ்வளவுதான்.

மறுநாள் மழை இல்ல. சாட்சிக்கு ஆள் வேணும்னா ஆபீசுல எப்பவும் என்னையும் எதிர்த்த டீக்கடைக்காரரையும்தான் கூப்பிடுவாங்க. மனு டைப் அடிச்சவ, அதே வீட்டுக்காரி, நான் வரலன்னேன். "கையெழுத்துத்தானேம்மா, வாங்க"ன்னு கூட்டிக்கிட்டுப் போயிட்டாங்க. அண்ணிக்கு உள்ள வர பாஸ் கிடையாது. கேட்டுக்கு வெளிய, லாரிங்க நிக்கிற இடத்துல நின்னாங்க. நான் உள்ள போறப்ப என் மணிக்கட்டைப் பிடிச்சாங்க. "அவனைப் பாத்துக்க"ன்னாங்க. எவனைன்னு நான் கேட்டுக்கல.

ஆறு டேங்கும் வரிசையா நின்னுச்சு. பெரிய மேடம் தொப்பி வெச்சுக்கிட்டு வந்திருந்தாங்க. கீழ ஒரு மேசை, அது மேல பதினெட்டு பாட்டில், அரக்கு, மெழுகுவத்தி, ஒட்டறதுக்குச் சீட்டு. ஒவ்வொரு சீட்டுலயும் அண்ணன், ஆபீசர், சாட்சி ரெண்டு பேரு, நாலு கையெழுத்து. அண்ணன் துவைச்சு இஸ்திரி போட்ட சட்டையில மேசைக்குப் பக்கத்துல நின்னாரு. அவரு சட்டை முதுகுல மட்டும் வேர்வை ஊறி ஊறிப் பெருசாகிக்கிட்டே இருந்தது.

ஏணி முட்டியில கட்டோட ஏறினான். ஒவ்வொரு படியிலயும் நல்ல காலை வெச்சு, கெட்ட காலை இழுத்து ஏத்தினான். பின்னால ஒரு சின்ன ஆபீசர் முதல் டேங்குக்கான மூணு பாட்டிலோட ஏறினாரு. மேல போய் நின்னுக்கிட்டு ஏணி எங்களைப் பாத்துக் கையை ஆட்டினான்.

"டைப்பக்கா, நல்லாப் பாத்துக்குங்க. இன்னிக்கு ஒருத்தனும் குத்தம் சொல்ல முடியாது."

நான் தலையை ஆட்டினேன். கண்ணைத் திறந்து வெச்சிருக்கிறதே பெரும்பாடா இருந்தது.

மூடியோட நட்டை ஒவ்வொண்ணாக் கழட்டினான். மூடியைத் திருப்பிச் சாய்ச்சான். சங்கிலியில கட்டின கனமான பித்தளைக் குப்பியை எடுத்து, துணியால உள்ளயும் வெளியயும் துடைச்சு, சின்ன ஆபீசர்கிட்ட காட்டினான். முதல்ல மேல் மட்டம். குப்பியைக் கொஞ்சமா இறக்கி, சங்கிலியை வெடுக்குன்னு ஒரு இழு இழுத்தான். கார்க் கழண்டு குப்பி நிறையறதுக்குக் காத்திருந்து மேல தூக்கினான்.

தூக்கினவன் குப்பியை வெளிச்சத்துக்கு நேராச் சாய்ச்சான். ஒரு விரல்ல தொட்டான். கட்டை விரலையும் அந்த விரலையும் சேர்த்து ஒரு தேய் தேய்ச்சான். இஞ்சின் ஆயில் செய்யற எண்ணெய்னா விரலுக்கு நடுவுல கொழகொழன்னு நிக்கும். நின்னுச்சா இல்லையான்னு கீழ இருந்த எனக்குத் தெரியாது. அவன் மறுபடி தேய்ச்சான்.

அப்புறம் அசையவே இல்ல. மூடி திறந்த ஓட்டையையே பாத்துக்கிட்டு நின்னான்.

"என்னப்பா, மயக்கமா? பிடிச்சுக்க"ன்னாரு சின்ன ஆபீசர்.

ஏணி மெதுவாத் திரும்பி, கீழ மேசைக்குப் பக்கத்துல நிக்கிற மாமாவைப் பாத்தான். அண்ணனும் அவனைத்தான் அண்ணாந்து பாத்துக்கிட்டிருந்தாரு. நான் ரெண்டு பேரு முகத்தையும் பாத்தேன். அவன் மூஞ்சியில ஒண்ணொண்ணா வந்து சேர்றது எனக்குத் தெரிஞ்சுது. மழை, முட்டி, ஏறாத மாப்ளே, மூணு நாளா வாயைத் திறக்காத மாமா, நேத்து தோள்ல வெச்ச கை. எல்லாம் வந்து முடிஞ்சப்புறம் அவன் கோவப்படுவான், கத்துவான், குப்பியைத் தூக்கி எறிவான்னு நெனச்சு நான் மேசையைப் பிடிச்சுக்கிட்டேன். அவன் ஒண்ணும் பண்ணல. குப்பியை ரெண்டு கையாலயும் நேராப் பிடிச்சுக்கிட்டான்.

"மாமா" அப்படின்னான். "ஊத்தட்டுமா?"

பெரிய மேடம் நிமிந்து அண்ணனைப் பாத்தாங்க. எழுதிக்கிட்டிருந்த ஆபீசரும் பேனாவை நிறுத்திட்டாரு.

அண்ணன் மேசைக்கு இன்னும் நெருங்கி வந்தாரு. பாக்கெட்டுல இருந்து பேனாவை எடுத்தாரு.

"ஊத்து மாப்ளே" அப்படின்னாரு. "சிந்தாம ஊத்து."